பின் சக்கரத்துக் கறுப்புக் கயிறு

“கூடோத்ரம் சேச்சி! தொடாதீங்க, யாரோ செய்வினை வச்சிருக்கு!”

ஸ்கேனர், கம்ப்யூட்டர் எல்லாம் வைத்துக் கரமனையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிற லிஜோ, பின் சக்கரத்துக்குள் விட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

ஆர்ஷா எட்டிப் பார்த்தாள். சக்கரத்தின் உள்பக்கம் ஓடும் ஒயரில் கறுப்புக் கயிறு. அதில் சிவப்புத் துணி முடிச்சு ஒன்று தொங்கியது.

மூன்று நாளாக டாஷ்போர்டில் இரண்டு மஞ்சள் விளக்குகள். ஒன்று ஏ.பி.எஸ்., இன்னொன்று வண்டி சறுக்குகிற படம் போட்டது. லிஜோ ஸ்கேனரைச் செருகி, “இடது பின் சக்கரத்து சென்சார்லேருந்து சிக்னல் வரல்லே” என்று சொல்லித்தான் வண்டியை மேலே தூக்கினான்.

“இந்த முடிச்சு ஆடி ஆடி ஒயரை இழுத்து, பிளக் கழண்டு போச்சு. சக்கரம் சுத்துற வேகம் தெரிஞ்சாத்தான் ரெண்டு சிஸ்டமும் வேலை செய்யும். அதான் ரெண்டு லைட்டும் எரியுது. பிரேக் பிடிக்கும், ஆனா மழையில பெடலை ஓங்கிச் சவிட்டினா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்கிரும், கேட்டோ. யாரு சேச்சி இதைக் கெட்டினது?”

ஆர்ஷாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை மாமியார் ஜெயலக்ஷ்மி காருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, “கோலப்பொடி டப்பா உருண்டுடுத்து” என்று முகம் பார்க்காமல் பதில் வந்தது.

பாறசாலைக் கிறிஸ்தவப் பெண் ஆர்ஷா, வலியசாலை அக்ரஹாரத்து சுமந்த்தை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து ஒரு வருஷம். முதல் நாளே ஜெயலக்ஷ்மி வாசலில் நின்று, “சிலுவை இந்த வாசப்படி தாண்டப்படாது” என்றாள். கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி, கூட வந்த தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆர்ஷா உள்ளே போனாள். அதன் பிறகு மாமியார் அவளிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டு நிறையாது.

ஆர்ஷா கணவனுக்கு போன் போட்டாள்.

“சுமந்த், நான் இன்னைக்கே அம்மை வீட்டுக்குப் போறேன். சக்கரத்துல மந்திரம் கட்டுற வீட்ல என்னால கிடக்க முடியாது. வாறதும் வராததும் உன் இஷ்டம்.”

லிஜோ கயிற்றை அறுத்து, பிளக்கை மாட்டி, ஒரு சுற்று ஓட்டி வந்தான். இரண்டு விளக்கும் அணைந்துவிட்டன. முடிச்சை இடுக்கியால் பிடித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டான்.

“ஆத்துல எறிஞ்சிருங்க சேச்சி.”

“எறியவா? கட்டினவங்க கையிலயே குடுக்கேன்.”

வலியசாலைத் தெருவில் காரை நிறுத்தியபோது, ஜெயலக்ஷ்மி வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். ஆர்ஷா படியேறவில்லை. தெருவில் நின்றபடியே முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

“மாமி! இது உங்களுதுதானே?”

“ஆமா, என்னோடதுதான். அதை யாரு அவிழ்க்கச் சொன்னா?”

மறுப்பாள் என்று நினைத்திருந்த ஆர்ஷாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

“இதனால பிரேக்குக்குப் போற ஒயரு கழண்டு போச்சு. மழையில வண்டி வழுக்கி நான் செத்திருந்தா உங்களுக்கு நிம்மதிதானே?”

ஜெயலக்ஷ்மியின் முகம் வெளுத்தது. “பிரேக்கா? இதனாலயா?”

“நடிக்காதீங்க. பிரிச்சுக் காட்டுங்க. என்ன மந்திரம்னு தெரு முழுக்கப் பாக்கட்டும்.”

“தெருவில வேண்டாம். உள்ள வா.”

“பெட்டியை எடுக்கத்தான் இனி உள்ள வருவேன்.”

“பிரிக்காதேடீ, என் மானம் போயிடும்!”

“போகட்டும்!”

ஆர்ஷா துணியைக் கிழித்தாள்.

எலும்பும் இல்லை, தகடும் இல்லை. காய்ந்த குருத்தோலையில் மடித்த சின்னஞ்சிறு சிலுவை ஒன்று இருந்தது. நுனியை இரண்டாகக் கிழித்துச் செருகியிருந்த விதம் அவளுக்குத் தெரியும். குருத்தோலை ஞாயிறுதோறும் அம்மா சுசீலாபாய் அப்படித்தான் மடிப்பாள்.

“இது… எங்க அம்மை மடிச்சது.”

“போன வாரம் பாலராமபுரத்துல வண்டி சறுக்கித்துன்னு சுமந்துகிட்ட சொல்லிண்டிருந்தியே, என் காதுல விழுந்தது. நேக்குத் தூக்கமே வரலை. பகவான்கிட்ட வேண்டிண்டேன். ஆனா நீ அவர் சன்னதிக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை, உன்னை அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? அதான் பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போய் ஒங்கம்மாகிட்டக் கேட்டு வாங்கிண்டு வந்தேன். உன்கிட்டச் சொல்லப்படாதுன்னு சத்தியமும் வாங்கிண்டேன்.”

ஆர்ஷா ஓலையின் மடிப்பை விரலால் நீவினாள்.

“மாமி, சிலுவை கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஜெயலக்ஷ்மி எதிர் வீட்டு ஜன்னலை ஒரு முறை முறைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

“வாசப்படி தாண்டப்படாதுன்னு சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன். கார் நிக்கறது தெருவிலேயாக்கும்!”