நின்று கெட்ட கார்

"வண்டி ஓடிக் கெடல சார், நின்னே கெட்டிருக்கு," என்றார் மெக்கானிக், காரில் மாட்டிய ஸ்கேனரைக் கழற்றாமலே.

சிக்னலில் நின்றால் எஞ்சின் உதறி அணைந்துவிடுகிறது என்று டிரைவரோடு காரைக் கொண்டுவந்திருந்தார் முதலாளி. எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியெல்லாம் கரி. மெக்கானிக் அதைத் துடைத்து, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐட்லிங் வேகத்தையும் சரிசெய்து முடித்திருந்தார்.

"தினமும் மத்தியானம் ரெண்டு மணி நேரம் நின்ன எடத்துலயே ஓடியிருக்கு. ஏசியோட."

முதலாளிக்குச் சுருக்கென்றது. காலையில் அவரும் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனால், அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும் கார் மாலை வரை வீட்டு வாசலில்தான் நிற்கும்.

"ஏசில தூங்குறானா?"

"டிரைவர் சீட்டுல ஆளே இல்ல சார். பக்கத்து சீட்டு சென்சார்தான் ஆள் இருக்குன்னு காட்டுது. எடையும் கம்மி. சின்னப் பிள்ளையோன்னு ஏர்பேக்கையே ஆஃப் பண்ணி வச்சிருக்கு."

கோபம் வந்துவிட்டால் முதலாளிக்குக் கணக்கெல்லாம் தானாகவே கூடிவரும். எடை கம்மி என்றால் பெண்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

மத்தியானம் வீட்டு வாசலில் இறங்கியதும் டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"யாருடா அவ?"

"அப்படியெல்லாம் யாருமில்ல சார்."

"அப்போ மத்தியானம் ஏசி போட்டு யாரை உக்கார வைக்கிற?"

டிரைவர் ஒரு தடவை மொட்டைமாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!"

எட்டு வருஷ வேலை. "நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன் சார்," என்று சாவியைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் டிரைவர்.

முதலாளி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் துளிகூட உதறவில்லை. திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்த திருப்தியோடு கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கதவு திறந்தது. மாடியில் தகரம் போட்ட அறையிலிருந்து இறங்கி வந்த முதலாளியின் அப்பா, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, சீட்டைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். ஸ்டீயரிங் முன்னால் இருப்பது யாரென்று அவருடைய புரை விழுந்த கண்ணுக்குத் தெரியவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

"ஏசியப் போடு தம்பி. என் மகன் வர்றதுக்குள்ள எறங்கிடுறேன்."