கீச்சுனு ஒரு பிரேக்

மாமனாரின் பழைய சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டைகளை மாட்டி, ரிம்மையும் துடைத்து வைத்தான் மருமகன்.

“பிடிச்சுப் பாருங்க மாமா. இனிமே சத்தமே வராது.”

“ஏம்ப்பா, கடை வச்சு ஊர் வண்டியெல்லாம் சரி பண்ணீங்க. உங்க வண்டி மட்டும் தெருமுனை திரும்பும்போதே கீச்சுனு கத்தும். இன்னும் என் காதுலயே இருக்கு. அப்பவே கட்டையை மாத்தியிருக்கலாம்ல?” என்ற மகள், கணவனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மாமனார் பிரேக்கை மெல்லப் பிடித்து விட்டார்.

“உன் கல்யாணத்துக்கு முன்னாடி மாத்தியிருந்தா, நான் வர்றது உங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தெரிஞ்சிருக்கும்? மாப்பிள்ளை பின்கதவு வழியா எப்படி ஓடியிருப்பார்?”

மருமகன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. மாமனார் தொடர்ந்தார்:

“அந்தக் கதவு சத்தமில்லாம திறந்துச்சே, அதுக்கு எண்ணெய் போட்டது யாருன்னு நினைச்சீங்க?”