வால் செருகிய சீட்டு

பெட்டியைக் கவிழ்த்தார்கள். வெள்ளைச் சீட்டுகள் மேசை மேல் குவிந்தன.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்ற அடைக்கலம் அந்தக் குவியலில் ஒரே ஒரு சீட்டைத்தான் தேடினான். வார்டு மெம்பர் ஆவோமா மாட்டோமா என்ற கவலையெல்லாம் அவனுக்கு இல்லை. வீட்டுக்கு ஓர் எவர்சில்வர் குடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊர் ஓட்டு எங்கே போய்விடும்?

பெண்டாட்டி ஓட்டுக்கு எந்தக் குடத்தைக் கொடுப்பது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் மலையப்பன் நின்றான். உரக்கடைக்காரன், எதிர்த்து நிற்பவன். யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டால் நாளைக்குக் கேள்வி கேட்க வாய் வராது என்று மட்டும் வாசல் வாசலாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மேல் அடைக்கலத்துக்குப் பொறாமை. சோறு இறங்காத பொறாமை.

போன ஆடியில் ரேஷன் கடையில் எடை குறைந்தபோது, மலையப்பன் மறித்து நின்று எல்லோருக்கும் சரியாக நிறுக்க வைத்தான். அரிசிப் பையோடு வீடு வந்த தவமணி, "மனுசன்னா அவருல்ல மனுசன்" என்றாள். சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷனை அவள் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

தேர்தல் வந்தது. அடைக்கலத்துக்குப் பூட்டு சாவி சின்னம், மலையப்பனுக்குச் சீப்பு. தலையில் மருந்துக்குக்கூட முடி இல்லாதவனுக்குச் சீப்பா என்று அடைக்கலம் டீக்கடையில் கேட்டான். ஊரே சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை.

அன்றைக்கே வீட்டிலிருந்த சீப்புகளைப் பொறுக்கிக் கொல்லையில் வீசினான். அவள் விரலால் கோதியே கொண்டை போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

தவமணியின் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். பொட்டலம் மடிக்க அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூன்று மடிப்பு, கடைசியில் வாலை உள்ளே செருகிவிடுவாள். தலைகீழாக உலுக்கினாலும் ஒரு பொடி சிந்தாது. அந்த மடிப்பை ஆயிரம் காகிதத்துக்கு நடுவிலும் அடைக்கலத்தால் கண்டுபிடிக்க முடியும்.

"ஒஞ் சீட்டைப் பொட்டலமா மடிச்சுப் போடு. எண்ணும்போது நான் பாத்துக்கிடுவேன்."

"ரகசியமாப் போடணும்னுல்ல சொல்றாக?"

"புருசன்கிட்ட என்னடி ரகசியம்?"

குடத்துக்குள் வைக்கக் குங்குமம் மடித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த பொட்டலத்தின் வாலைச் செருகிவிட்டு, "சரி, மடிச்சே போடுறேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து குடங்களை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டிலும் பொம்பளைகளோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் திரும்பினாள். அதிலும் அவனுக்கு எரிச்சல். மலையப்பன் குடியிருக்கும் தெருவில் மட்டும் இவளுக்கு என்ன இவ்வளவு பேச்சு?

இப்போது மேசையில் ஒரு சீட்டு பிரிய மாட்டேன் என்றது. எண்ணிக்கொண்டிருந்த டீச்சர் நகத்தால் நெம்பினார். உள்ளே செருகியிருந்த வால் வெளியே வந்தது.

அடைக்கலம் வலையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

சீட்டு விரிந்தது. முத்திரை பூட்டு சாவி மேல் விழுந்திருந்தது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடி கிறுக்கி, உன்னையா சந்தேகப்பட்டேன் என்று மனசு உருகியது. வீட்டுக்குப் போகும் வழியில் நல்ல சீப்பாக ஒன்று வாங்கிப் போக வேண்டும் என்று நினைத்தான். மலையப்பனைத் திரும்பிப் பார்த்து முதல் முறையாகச் சிரிக்கவும் சிரித்தான்.

டீச்சர் அடுத்த சீட்டையும் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

அதுவும் மூன்று மடிப்பு, அதே செருகல். முத்திரை சீப்பின் மேல்.

அடுத்தது சாதாரணமாக மடித்த சீட்டு. அதற்கடுத்த மூன்றும் பொட்டலம். ஒன்று சீப்பு, ஒன்று பூட்டு சாவி, மறுபடியும் சீப்பு.

"யாருங்க இது, ஊரு பூராவும் மருந்துக் கடையா வச்சிருக்காக?" என்று டீச்சர் அலுத்துக்கொண்டார்.

அடைக்கலத்துக்குக் குடங்கள் ஞாபகம் வந்தன. குடத்துக்கு ஒன்றாக உள்ளே வைத்த குங்குமப் பொட்டலங்களும் ஞாபகம் வந்தன.

சாயங்காலம் அறிவித்தார்கள். அடைக்கலம் ஜெயித்திருந்தான். யாரோ ஒரு மாலையைக் கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டார்கள். வெளியே வெடிச் சத்தம் கேட்டது. மலையப்பன் கையை நீட்டி, "நல்லது செய்யுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடைக்கலம் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

"சார், இன்னொரு தடவை எண்ணணும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோத்தவுக கேட்டுப் பாத்திருக்கேன். ஜெயிச்சவரு நீரு எதுக்குய்யா கேக்குறீரு?"