இதழோடு சேர்த்துத் தைத்தது

"பூத்துருச்சுங்க மேடம், வாங்க" என்று திருமூர்த்தி போன் செய்ததும், தாவரவியல் பேராசிரியை கெசியா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுத் துடியலூருக்கு ஸ்கூட்டரை விரட்டினாள். அவருடைய பசுமைக்குடிலில், ஆர்க்கிட் தொட்டியில் தானாக முளைத்த கொடி அது. அழிந்துபோன இனம் என்று அவள் சொன்னபோது சக பேராசிரியர்கள் சிரித்தார்கள். பூக்கட்டும், பேசிக்கொள்கிறேன் என்று இருந்தாள்.

அந்த இனத்தில் மிஞ்சியது கல்லூரி அலமாரியில் ஒரே ஒரு உலர்ந்த பூ. மாணவியாக இருந்தபோது அதை அட்டையில் வைத்துத் தைத்தவளே அவள்தான். காம்பை மட்டும்தான் தைக்க வேண்டும். அவளோ ஓர் இதழையும் சேர்த்துச் சிவப்பு நூலால் தைத்து, இடக்கைக்காரியான தனக்கே உரிய இடக்கை முடிச்சையும் போட்டுவிட்டுத் திட்டு வாங்கினாள்.

இப்போது லென்ஸில் பார்த்தாள். ஊதா நரம்புகள், வளைந்த மகரந்தத்தாள்கள், எல்லாம் அச்சு அசல். ஓர் இதழில் மட்டும் இரண்டு துளைகள்.

"பூச்சி கடிச்சிருக்குமுங்களா?" என்றார் திருமூர்த்தி.

"கடிச்சுட்டுப் போவுதுங்க! அதேதானுங்க இது! செயிச்சுப்போட்டேன்!"

அவர் மனைவி ஓடிவந்து கெசியாவின் வாயில் மைசூர்பாகைத் திணித்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, விரியாத மொட்டு ஒன்றைப் பறித்து ஊசியால் கீறினாள். உள்ளே சுருண்டிருந்த ஓர் இதழ் மட்டும் பிரிய மாட்டேன் என்றது. அதன் குறுக்கே சிவப்பு நூல் ஓடியிருந்தது, ஈரமாக. முனையில் இடக்கை முடிச்சு.

இனி அந்தப் பூ எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வர முடியாது.