ஹெவி மெட்டல் கேசட்

அப்பா பருத்தி மூட்டையோடு கோவில்பட்டிக்குப் போயிருக்கிறார். எந்நேரமும் திரும்பி வரலாம். பிளஸ் டூ படிக்கும் உமாதேவி ஒரு காதை வாசல் பக்கம் வைத்துக்கொண்டே டேப் ரெக்கார்டரில் ஹெவி மெட்டல் கேசட்டை ஓடவிடுகிறாள். கிடார் இரைச்சலில் பீரோக் கண்ணாடி நடுங்குகிறது. பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துகிறான். நேற்று ராத்திரி அவள் கத்த முடியாமல் விழுங்கியதெல்லாம் அவன் குரலில் வெளியே வருகிறது. அடுப்படியிலிருந்து அம்மா வருகிறாள். அப்பா அறைந்த கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது. உமாதேவியின் விரல் ஸ்டாப் பட்டனுக்குப் பாய்கிறது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “எதுக்குட்டி இவன் இப்படிக் கத்துதான்?” “கோவம்மா. மனசுல உள்ளதயெல்லாம் கத்துதான்.” அம்மா டேப்புக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டைக் கேட்கிறாள். பிறகு மெதுவாகக் கேட்கிறாள்: “இப்படிக் கத்துனா, அவன யாரும் அடிக்க மாட்டாவளா?”