அடக்கி வைத்த கைகள்

தன் கைகளுக்கு எவ்வளவு வேகம் வரும் என்பதைக் கோகிலா யாரிடமும் காட்டியதில்லை. பனியன் கம்பெனியில் ஒருத்தி வேகமாகத் தைத்துவிட்டால் அதுவே வரிசையில் உள்ள எல்லோருக்கும் டார்கெட் ஆகிவிடும். முன்பு ஒருத்தி அப்படித் தைத்துப் பாராட்டு வாங்கினாள். அதன் பிறகு ஒருவராலும் பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்க முடியவில்லை. அதனால் கோகிலா தைத்துக் களைத்ததைவிடக் கைகளை அடக்கிக் களைத்ததுதான் அதிகம். இன்று, டார்கெட் வைக்க டைம் எடுப்பவர் ஸ்டாப்வாட்சும் கையுமாக அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "மெதுவா, கண்ணு" என்றாள் பக்கத்து மெஷின் பழனாள், உதடு அசையாமல். அவளுக்கு இது ஏழாம் மாசம். கோகிலா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். பின்கழுத்தில் அவருடைய மூச்சுப் பட்டது. பயம் தோளில் ஏறி, முழங்கை வழியாக இறங்கி, விரல்களைத் தொட்டதும் கைகள் பிய்த்துக்கொண்டு ஓடின. துணி தானாக நழுவியது, தானாகத் திரும்பியது, ஒரு பிசிறு இல்லாமல் கூடையில் போய் விழுந்தது. வேண்டாம், வேண்டாம் என்று அவள் கைகளிடம் கெஞ்சினாள். யாருடைய கைகளோ போல அவை கேட்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். "இத்தன நாளா இத எங்க அம்மிணி ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று அவர் வாய் நிறையச் சிரித்தார். வரிசையில் ஒருத்தியும் தலை தூக்கவில்லை. பழனாள் மட்டும் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், வயிறு மெஷின் பலகையில் இடிக்க இடிக்க.