முந்திக்கொண்ட லைப்ரரி

"ஏன் தம்பி நின்னுட்டே இருக்கீங்க? உக்காருங்க. இது ஏன் கம்பைல் ஆகலன்னு சொல்லுங்க பாப்போம்."

கம்ப்யூட்டர் முன் இருந்த நரைத்த தலைக்காரர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். கழுத்தில் டை, மூக்கு நுனியில் கண்ணாடி.

வராந்தா பெஞ்சில் தேவுடு காத்து அலுத்து, பாதி திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு அவன் நுழைந்திருந்தான். சுறுசுறுப்பைக் காட்டுவது நல்லதுதானே. அக்கா வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

இது ஏழாவது இன்டர்வியூ. முந்தைய ஆறு கம்பெனிகளும் 'தகவல் சொல்றோம்' என்றன. இன்னும் வார்த்தை தேடிக்கொண்டிருக்கின்றன போலும். இன்று வேலையோடுதான் வீடு திரும்புவது என்று கிளம்பியிருந்தான்.

சி ப்ரோகிராம். ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்க நாலு த்ரெட். கம்பைல் செய்தான். த்ரெட்டை உருவாக்கும் ஃபங்ஷன் எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்று திரை கைவிரித்தது.

"ஹெடர் ஃபைலைச் சேர்க்கலையோ?"

"அது இருக்கு. நானே மூணு தடவை பாத்தாச்சு."

"அப்ப அந்த ஃபங்ஷன் இருக்கற த்ரெட் லைப்ரரியைச் சேர்க்காம விட்டிருப்பாங்க."

"அதுவும் மேக்ஃபைல்ல இருக்கே." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம்தான். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"முடியாதுங்கற பேச்சே இல்ல சார்."

கம்பைல் கட்டளை இருந்த அந்த மேக்ஃபைலை எழுத்தெழுத்தாகப் படித்தான். மூன்றாம் முறை சிக்கியது.

"லைப்ரரி பேரு முன்னாடி இருக்கு சார், நம்ம ஃபைல் பேரு பின்னாடி இருக்கு. ரெண்டையும் கோத்து ப்ரோகிராம் ஆக்கற லிங்கர் இடமிருந்து வலமாத்தான் படிக்கும். யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னா, எவ்வளவு பெரிய லைப்ரரியா இருந்தாலும் மதிக்காது. வெளிய அனுப்பிடும்."

பெயரை வெட்டி வரியின் கடைசியில் ஒட்டினான். நாலு த்ரெட்டும் சமர்த்தாக ஓடின.

"கெட்டிக்காரர் தம்பி நீங்க." அவர் முதுகில் தட்டினார்.

எப்போது வந்து சேர வேண்டும் என்று கேட்க அவன் வாயெடுத்தபோது, பட்டியலும் கையுமாக ஒரு பெண் அதிகாரி உள்ளே வந்தார்.

"டைம் முடிஞ்சுது சார். உங்க டெஸ்ட் என்னாச்சு?" என்றார் நரைத்த தலைக்காரரிடம்.

"ஓடுது மேடம். லைப்ரரி முன்னாடி இருந்துச்சு, பின்னாடி தள்ளிட்டேன்."

"காலையிலேர்ந்து ஒருத்தரும் கண்டுபிடிக்கல. இருக்கறது ஒரே போஸ்ட், அது உங்களுக்குத்தான்." பிறகுதான் அவனைக் கவனித்தார். "நீங்க யாரு? கூப்பிடறதுக்கு முன்னாடியே உள்ள வந்து உக்காந்தா எப்படி? கெளம்புங்க, தகவல் சொல்றோம்."